கரிசல் கறுப்பும் ஊட்டிக் கறுப்பும்

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் ஒரு கை மண் அள்ளி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். அத்தனை கறுத்த மண்ணில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றுதான் முடிவு வரும். நம் நாட்டு மண் பரிசோதனைக் கணக்கில் 0.5-க்குக் கீழ் என்றால் ‘குறைவு’, 0.75-க்கு மேல் என்றால் ‘அதிகம்’, இடைப்பட்டது ‘நடுத்தரம்’. உதகமண்டலத்துக்கு அப்பால், அவலாஞ்சிப் பக்கத்துப் புல்வெளியிலும் ஒரு கை மண் எடுங்கள். அதுவும் கறுப்புத்தான். ஆனால் அதில் கரிமம் பல இடங்களில் 5 சதவீதத்தைத் தாண்டும். கண்ணுக்கு ஒரே நிறம். உள்ளே பத்து மடங்கு வித்தியாசம்.

கரிசலின் கறுப்புக்கு அதன் களிதான் முதல் காரணம். ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் ஆழமாக வெடிக்கும் அந்தக் களித்துகள்களோடு சிறிதளவு மட்கு இறுகப் பிணைந்திருக்கிறது. பாறையிலிருந்து வந்த சில கரும் கனிமங்களும் கலந்திருக்கின்றன. கறுப்பாக்க அது போதும். கரிசலைத் தோண்டும்போது கிடைக்கும் சுக்கான் கல்லிலும் கரிமம் உண்டு. ஆனால் அது சுண்ணாம்பாக உறைந்த கரிமம், நுண்ணுயிருக்கு உணவாகாது. நாம் பேசப்போவது இலை, வேர், புழு, பூஞ்சை என்று உயிர்களிடமிருந்து மண்ணுக்கு வந்த அங்ககக் கரிமத்தைப் பற்றி. ஒரே மாநிலத்தில், ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கும் இரண்டு மண்ணில் அது ஏன் இப்படி வேறுபடுகிறது என்று கேட்டால், காலநிலை, நிலத்தை மனிதர் கையாளும் விதம் என்ற இரண்டும் கலந்த பதில் கிடைக்கிறது.

செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து உடம்பாக்கிக்கொள்கிறது. உதிர்ந்த இலையும் செத்த வேரும் மண்ணுக்குள் போகின்றன. உயிரோடு இருக்கும்போதே வேர்கள் சர்க்கரையையும் அமிலங்களையும் மண்ணில் கசிய விடுகின்றன. பாக்டீரியாவும் பூஞ்சையும் இவற்றைத் தின்று மூச்சு விட, பெரும் பகுதி மறுபடியும் கரியமில வாயுவாகக் காற்றுக்கே திரும்புகிறது. மிச்சம் மண்ணில் தங்குகிறது. அந்த மிச்சத்தில் செடியின் எச்சத்தைப் போலவே, அதைத் தின்று செத்த நுண்ணுயிர்களின் உடல் எச்சமும் கணிசம். மிச்சம் என்று சொல்லிவிட்டாலும் அது சிறிய தொகை இல்லை. உலகத்தின் மேல் ஒரு மீட்டர் மண்ணில் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கோடி டன் அங்ககக் கரிமம் இருக்கிறது. காற்று மண்டலத்தில் உள்ள கரிமத்தையும், உலகத்துச் செடி கொடி மரங்கள் அத்தனையிலும் உள்ள கரிமத்தையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது.

இதை ஓர் ஏரியின் கணக்காகப் பார்க்கலாம். வரத்துக்கால் வழியே தண்ணீர் வருகிறது, மதகு வழியே போகிறது, நிற்கும் மட்டம் இரண்டையும் பொறுத்தது. மண்ணுக்கு வரத்து, செடிகள் தரும் எச்சம். போக்கு, நுண்ணுயிர்களின் மூச்சு. இந்தக் கணக்கில் காலநிலை இரண்டு பக்கமும் கை வைக்கிறது. மனிதரும் இரண்டு பக்கமும் கை வைக்கிறார்கள். குழப்பம் முழுவதும் இதில்தான். மழை கூடினால் செடி நன்றாக வளரும், வரத்து கூடும். அதே ஈரத்தில் நுண்ணுயிரும் சுறுசுறுப்பாகும், போக்கும் கூடும். எது முந்துகிறது என்பதைப் பொறுத்து மட்டம் ஏறும் அல்லது இறங்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலைப்பாதை, இந்தக் கணக்கைப் படிக்க இயற்கையே அமைத்துத் தந்த ஆய்வுக்கூடம். அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். உதகை 2,200 மீட்டருக்கு மேல். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி வீதம் வெப்பம் இறங்குவதால், இரண்டுக்கும் ஏறக்குறைய 11, 12 டிகிரி வித்தியாசம். ஈரம் போதுமான அளவு இருந்தால், வெப்பம் 10 டிகிரி கூடும்போது மண்ணில் மட்கும் வேகம் தோராயமாக இரண்டு மடங்காகிறது என்பது நெடுங்காலமாக அறிந்த விதி. அப்படியானால், அடிவாரத்தில் ஓராண்டில் மட்கிப்போகும் இலை, உதகையில் இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். செடியின் வளர்ச்சியோ வெப்பம் ஏற ஏற அதே விகிதத்தில் ஏறுவதில்லை. ஓர் அளவுக்கு மேல் வெயில் செடியை வாட்டுகிறது. நுண்ணுயிர் தின்றுகொண்டேதான் இருக்கிறது. சமவெளியில் கரிமம் நிற்காததற்கு முதல் காரணம் இது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் உதகைப் புல்வெளியில் பல இரவுகளில் நுண்ணுயிர்களின் வேலை ஏறக்குறைய நின்றே போகிறது.

வெப்பத்தோடு வறட்சியும் மழையும் மாறி மாறி வருவது சமவெளி மண்ணுக்கு இன்னொரு சோதனை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழும்போது எழும் மண்வாசனையை நாம் எல்லோரும் நெஞ்சு நிறைய இழுத்திருக்கிறோம். அந்த மணத்தைத் தரும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குவது மண்ணில் வாழும் பாக்டீரியா வகைகள். அதே மணி நேரங்களில், மணமில்லாத இன்னொன்றும் மண்ணிலிருந்து கிளம்புகிறது. வறட்சியில் செத்த நுண்ணுயிர்களின் உடலும், மண்கட்டிகளுக்குள் பூட்டிக் கிடந்த கரிமமும் ஈரம் பட்டதும் வெளிப்பட, பிழைத்த நுண்ணுயிர்கள் அவற்றை விழுந்து தின்று கரியமில வாயுவை ஒரே வீச்சில் வெளியேற்றுகின்றன. 1950-களில் கென்யாவில் பணியாற்றிய பிர்ச் என்ற ஆய்வாளர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியதால் மண்ணியலில் இது அவர் பெயரோடே வழங்குகிறது. நம் மானாவாரி நிலங்கள் ஆண்டுக்குப் பல முறை இந்தச் சுழலில் சிக்குகின்றன. கோடை மழை ஒன்று, பிறகு வெயில், ஆடியில் ஒரு தூறல், மறுபடி வெயில், ஐப்பசி அடைமழை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகிறது.

குளிர் மட்டுமே நீலகிரி மண்ணைக் கறுப்பாக்கவில்லை. மண்ணுக்கும் பங்கு உண்டு. அந்த மலையின் சார்னோகைட் பாறை மிக நீண்ட காலம் சிதைந்ததில், அலுமினியமும் இரும்பும் மிகுந்த மண் உருவாகியிருக்கிறது. எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டாகும் மண்ணுக்குரிய இயல்புகள், எரிமலையே இல்லாத நீலகிரியின் மேட்டு மண்ணில் காணப்படுவதை 2000-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மண்ணியலாளர்கள் எழுதினார்கள். அலுமினிய அயனிகள் மட்கோடு கைகோத்து, நுண்ணுயிரின் நொதிகள் எளிதில் பிரிக்க முடியாத சேர்மமாகிவிடுகின்றன. ஒரு தலைமுறைக்கு முந்தைய பாடநூல்களில், மட்கு என்பது தானாகவே சிதைய மறுக்கும் சிக்கலான ஒரு வேதிப்பொருள் என்று இருக்கும். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அந்தக் கருத்து பெரிதும் மாறிவிட்டது. நுண்ணுயிர் தின்னவே முடியாத கரிமம் என்று மண்ணில் அதிகம் இல்லை. களித்துகளின் மேல் ஒட்டிக்கொண்டோ, மண்கட்டியின் உள்ளே அடைபட்டோ, காற்றில்லாத சேற்றில் அமிழ்ந்தோ நுண்ணுயிரின் கைக்கு எட்டாமல் இருப்பதால்தான் அது தங்குகிறது. இந்த மாற்றம் விவசாயிக்கும் முக்கியம். எட்டாமல் இருப்பதால் பிழைத்தது, எட்டும்படி செய்தால் போய்விடும். ஏரைப் போட்டு மண்கட்டியை உடைப்பது, சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடிப்பது இரண்டும் அதைத்தான் செய்கின்றன.

சதுப்பைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நீலகிரியின் பள்ளத்தாக்குகளில் புல்வெளிகளுக்கு நடுவே நீர் தேங்கும் இடங்களில் கரிச்சேறு படிந்திருக்கிறது. நீர் நின்றால் காற்று போகாது. காற்று இல்லாவிட்டால் மட்குவது மிக மந்தமாகும். எச்சம் அடுக்கடுக்காகச் சேரும். உதகைக்கு அருகே சாண்டிநல்லா பள்ளத்தாக்கின் இந்தச் சேற்றில் நாற்பதாயிரம் ஆண்டுப் பழைமையான கரிமம்கூட இருக்கிறது. ராமன் சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1993-இல் நேச்சர் இதழில் நீலகிரிச் சதுப்புச் சேற்றை வைத்து ஒரு வரலாறு எழுதினார்கள். புற்களில் பல வகை ஒரு விதமாகவும், மரங்கள் வேறு விதமாகவும் கரிமத்தின் இரண்டு ஐசோடோப்புகளைப் பிரித்து எடுத்துக்கொள்கின்றன. அந்த விகிதம் சேற்றிலும் அப்படியே நிற்கிறது. அதை அடுக்கு அடுக்காக அளந்தபோது, சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் நீலகிரி வறண்டு, வறட்சி தாங்கும் புல்லே மேலோங்கியிருந்ததும், பின்னர் பருவமழை வலுத்து ஈரமான காலம் வந்ததும் தெரிந்தது. தமிழ்நாட்டின் மிகப் பழைய மழைப் பதிவேடுகளில் ஒன்று சதுப்புக்குள் கிடக்கிறது. அதன் மேல் வாய்க்கால் வெட்டிக் கேரட் போடலாம் என்று எவருக்காவது தோன்றினால், அவர் எதை அழிக்கப் போகிறார் என்று ஒருமுறையாவது யாராவது சொல்ல வேண்டும்.

சதுப்பை வடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு தூண் சாட்சி. ஹோம் ஃபென் என்ற இடத்தில், ஏரி ஒன்றை வடித்து விளைநிலமாக்கிய சமயத்தில், 1851-இல் ஓர் இரும்புத் தூணைச் சதுப்புக்குள் இறக்கி, அதன் உச்சி தரைமட்டத்தில் இருக்குமாறு நட்டார்கள். இன்று அந்தத் தூண் தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தூண் எழவில்லை, தரை தாழ்ந்தது. நீர் வடிந்ததால் மண் சுருங்கி அமிழ்ந்தது ஒரு பகுதி. காற்றுப் பட்டு ஆயிரமாண்டுக் கரிமம் மட்கிக் காற்றாகிப் போனது இன்னொரு பகுதி.

காலநிலை ஒரு மண்ணுக்கு மேல் எல்லையைக் குறித்துத் தருகிறது என்றால், அந்த எல்லையை மண் எட்டுமா, பாதியில் நிற்குமா என்பதை நிலத்தில் நாம் செய்யும் வேலை தீர்மானிக்கிறது. உலக அளவில் 74 ஆய்வு வெளியீடுகளின் தரவுகளைத் தொகுத்து குவோ, கிஃபோர்டு என்ற இருவர் 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இயற்கைக் காட்டை அழித்துப் பயிர்நிலமாக்கினால் மண் கரிமம் சராசரியாக 42 சதவீதம் குறைகிறது. புல்வெளியை உழுது பயிரிட்டால் 59 சதவீதம் குறைகிறது. புல்வெளியில் மரத்தோட்டம் போட்டால்கூட 10 சதவீதம் குறைகிறது. பலரை வியக்க வைத்தது இந்தக் கடைசி எண். மரம் நட்டால் கரிமம் சேரும் என்பது நம் பொதுப்புத்தியில் ஊறிப்போன நம்பிக்கை. மரத்தின் தண்டிலும் கிளையிலும் சேரத்தான் செய்யும். மண்ணுக்குள் நடப்பது வேறு. புல் தன் உணவில் பெரும் பங்கை வேருக்கு அனுப்புகிறது. மெல்லிய வேர்கள் ஆண்டுதோறும் செத்து, மண்துகள்களுக்கு நடுவிலேயே மட்கி, அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன. மேலே உதிரும் இலைக் கரிமத்தைவிட வேர் வழி வந்த கரிமம் மண்ணில் நெடுநாள் தங்குகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. மரத்தோட்டத்தில் உதிரும் இலை தரைமேல் கிடந்து, கணிசமான பகுதி அங்கேயே காற்றோடு போகிறது.

நீலகிரியிலும் பழனி மலையிலும் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1840-களிலிருந்தே ஆஸ்திரேலியக் கற்பூர மரமும், வாட்டில் என்ற சீகை மரமும் நீலகிரிக்கு வந்தன. விறகு, தோல் பதனிடும் பட்டை, பின்னர் ரேயானுக்கான மரக்கூழ் என்று காரணங்கள் மாறின. புல்வெளி குறைந்துகொண்டே வந்தது. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே மட்டும் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அரசுப் பதிவேடுகளில் பல இடங்களில் புல்வெளிக்கு வெற்றுநிலம் என்றுதான் பெயர். மண்ணுக்குள் 5 சதவீதக் கரிமம் வைத்திருக்கும் நிலத்தை வெற்றுநிலம் என்று எழுதுவதைப்போல் பெரிய தவறு வேறு இருக்க முடியாது. காலநிலையைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் அங்கே மரம் நடுவது, இருப்பதை இழந்துவிட்டு வேறொன்றைத் தேடும் வேலை.

சரிவில் காய்கறி போடுவதன் கதை சுருக்கமானது, ஆனால் கடுமையானது. உருளைக்கிழங்கும் கேரட்டும் மண்ணுக்கடியில் விளைபவை. நடும்போது ஒருமுறை, மண் அணைக்கும்போது ஒருமுறை, தோண்டும்போது ஒருமுறை மண் புரளுகிறது. தென்மேற்குப் பருவ மழையில் அந்தப் புரண்ட மண் ஓடை வழியே இறங்குகிறது. போவது மேல் மண், அதாவது கரிமம் மிகுந்த மண். படிமட்டம் அமைத்துச் சாகுபடி செய்பவர்கள் இதைக் கணிசமாகத் தடுக்கிறார்கள். சரிவுவாக்கிலேயே மேலிருந்து கீழாகப் பாத்தி கட்டுபவர்களுக்கு ஆண்டுக்காண்டு உரச் செலவு ஏறுவதில் வியப்பில்லை.

சமவெளிக்கு வருவோம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை நிலம் ஒன்று இருக்கிறது. ஒரு பாத்திக்கு எந்த உரமும் இல்லை, இன்னொன்றுக்குத் தழைச்சத்து மட்டும், வேறொன்றுக்குத் தழை, மணி, சாம்பல் மூன்றும், மற்றொன்றுக்குத் தொழுவுரம் என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதே பாத்திக்கு அதே உரம். தொழுவுரப் பாத்தியில் கரிமம் கூடியிருப்பது எதிர்பார்த்ததே. மூன்று சத்தும் சமச்சீராக இட்ட பாத்தியிலும், எதுவும் இடாத பாத்தியைவிடக் கரிமம் கூடுதல் என்பதைக் கவனிக்க வேண்டும். பயிர் செழித்தால் வேர் செழிக்கும், வேர் செழித்தால் வரத்து கூடும். ரசாயன உரம் போட்டாலே மண்ணின் கரிமம் செத்துவிடும் என்று மேடைகளில் கேட்கும் பேச்சை இந்த நிலம் ஏற்கவில்லை. அறுவடையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவதும், ஒரு சத்தை மட்டும் கொட்டுவதும்தான் மண்ணைக் காலியாக்குகின்றன.

ஆனால் நூறாண்டு தொழுவுரம் கண்ட அந்தக் கோவைப் பாத்தியும் உதகைப் புல்வெளி மண்ணை நெருங்கவில்லை. இதே வகைப் பரிசோதனை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843 முதல் நடக்கிறது. அங்கே ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் பெறும் பாத்தியில், எதுவும் பெறாத பாத்தியைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கரிமம் சேர்ந்திருக்கிறது. உரத்தின் அளவும் மண்ணும் வேறு என்பது உண்மை. இருந்தாலும் ஆண்டுச் சராசரி வெப்பம் 10 டிகிரியை ஒட்டிய ஊருக்கும், 27 டிகிரியை ஒட்டிய ஊருக்கும் உள்ள வித்தியாசம் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. ரோதம்ஸ்டெட்டின் ஒரு பார்லி வயலில் ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை இருபது ஆண்டு தொழுவுரம் இட்டு நிறுத்திவிட்டார்கள். நூறாண்டு கடந்த பிறகும் அந்தப் பாத்தியில், ஒருபோதும் எரு காணாத பாத்தியைவிடக் கரிமம் அதிகமாகவே இருந்தது. குளிர்ந்த நாட்டு மண் அவ்வளவு நாள் வைத்துக் காக்கிறது. நம் வெயிலுக்கு அந்தச் சலுகை இல்லை. இங்கே எரு நின்றால் பலனும் விரைவில் நிற்கும்.

நம் வயலில் கரிமத்தை ஏற்றுவது எவ்வளவு பாடு என்று ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 850 டன். அதில் அங்ககக் கரிமத்தை 0.4 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்கு உயர்த்த, 850 கிலோ கரிமம் கூடுதலாகத் தங்க வேண்டும். காய்ந்த தழையில் 40 சதவீதம் கரிமம். அதில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ மண்ணில் நிலைத்தால், ஏக்கருக்கு 10 முதல் 20 டன் காய்ந்த தழை வேண்டும். நல்ல நெல் வயலில் ஏக்கருக்குக் கிடைக்கும் வைக்கோலே இரண்டு, இரண்டரை டன்தான். அதையும் மாட்டுக்குப் போட்டாக வேண்டும். ஒரே ஆண்டில் கரிமத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லி விற்கப்படும் புட்டிகளை வாங்குமுன் இந்தக் கணக்கை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள்.

இந்தக் கணக்கு தெரியாமலே, இதற்கு விடை வைத்திருந்தார்கள் நம் பக்கத்துச் சம்சாரிகள். ஏரி, கண்மாய் வற்றும் கோடையில் கரம்பை மண்ணை வண்டியில் அடித்து வயலில் பரப்பினார்கள். அது களியும் கரிமமும் சேர்ந்தே வரும் மண். மணற்பாங்கான செம்மண்ணுக்குக் கரிமத்தைப் பிடித்து வைக்கும் பிடிமானத்தையும் தரும். அறுப்பு முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டார்கள். தரிசில் கொளுஞ்சி விதைத்து மடக்கி உழுதார்கள். வேலியோரத்தில் வளர்ந்த பூவரசும் ஆவாரையும் நடவுக்கு முன் சேற்றில் மிதிபட்டன. காங்கேயத்துக் கொரங்காடு இன்னும் ஒரு படி மேல். கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல், அதில் மேயும் மாடுகள். மழை குறைந்த, வெயில் மிகுந்த அந்த மண்ணில், உழவு அதிகம் படாமல் ஆண்டு முழுதும் வேர் உயிரோடு இருக்கும் இப்படி ஒரு நில அமைப்பைத் தலைமுறைகளாக நடத்தி வந்திருக்கிறார்கள். இன்று கிணற்றுப் பாசனத்துக்கும் மனைக்கும் அவை உடைபடுகின்றன. கிடை போட ஆடு மேய்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், டிராக்டர் வந்த வீட்டில் தொழுவம் காலியாகிவிட்டது. விவசாயியைக் குறை சொல்வதில் பொருளில்லை. எரு அடிக்கும் கூலி, யூரியா மூட்டை விலையைப்போல் பல மடங்கு ஆகும்போது அவர் வேறென்ன செய்வார்?

காவிரிப் படுகையில் நிலைமை கொஞ்சம் வேறு. நெல் வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் மண்ணுக்குக் காற்றுப் போவதில்லை. அதனால் அதே வெயிலில் உள்ள புன்செய் நிலத்தைவிட நெல் வயல் பொதுவாகக் கூடுதல் கரிமத்தை வைத்திருக்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு. காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளியிடுகின்றன. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு அது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் மீத்தேன் வெகுவாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சம். ஆனால் மண்ணுக்குள் காற்றுப் புகுவதால் கரிமம் சற்றுக் கரையவும் செய்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் எண்ணத்தில், மீத்தேன் குறைப்பும் தண்ணீர்ச் சேமிப்பும் அந்த இழப்பைவிடப் பெரியவை. அந்த இழப்பை நெல் தரிசு உளுந்தும் தக்கைப்பூண்டும் கொண்டு ஈடுகட்டப் பார்க்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உலகம் சூடாகிவருகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஹார்வர்டு காட்டில், 1991 முதல் தரைக்கடியில் மின்கம்பிகளைப் பதித்து மண்ணை இயல்பைவிட 5 டிகிரி கூடுதல் வெப்பத்தில் வைத்துப் பார்த்து வருகிறார்கள். முதல் பத்தாண்டு கரியமில வாயு வேகமாக வெளியேறியது. பிறகு நின்றது. எளிதில் தின்னக்கூடியது தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது மறுபடி வேகம் பிடித்தது. நுண்ணுயிர்க் கூட்டமே மாறி, முன்பு தொடாததைத் தின்னத் தொடங்கியிருந்தது. ஜெர்ரி மெலிலோவின் குழு 2017-இல் வெளியிட்ட கணக்குப்படி, 26 ஆண்டுகளில் மேல் 60 சென்டிமீட்டர் மண்ணின் கரிமத்தில் 17 சதவீதம் போய்விட்டது. அங்கே யாரும் மரம் வெட்டவில்லை, உழவில்லை. வெப்பம் மட்டும் அதைச் செய்தது. வடதுருவத்தை ஒட்டி நிரந்தரமாக உறைந்து கிடக்கும் மண்ணில், காற்று மண்டலத்தில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கரிமம் இருக்கிறது. அது இளகத் தொடங்கியிருப்பதுதான் மண்ணியலாளர்களின் பெரிய கவலை.

இதற்கு எதிர்த் திசையில், 2015-இல் பாரிஸ் மாநாட்டின்போது பிரான்ஸ் ஒரு திட்டத்தை முன்வைத்தது. உலக மண்ணின் கரிமத்தை ஆண்டுக்கு ஆயிரத்துக்கு நான்கு பங்கு வீதம் கூட்டினால், மனிதர் வெளியிடும் கரிமத்தில் பெரும் பகுதியை ஈடுகட்டலாம் என்பது அதன் வாதம். பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிவரும், 2020-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு பெற்ற மண்ணியலாளர் ரத்தன் லால், மண் கரிமத்தை உலகக் கொள்கைப் பேச்சுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். விவசாயம் தொடங்கிய நாள் முதல் மண் இழந்த கரிமம் 10,000 கோடி டன்னுக்கும் மேல் என்பது இன்றைய மதிப்பீடு. அதில் ஒரு பகுதியை மீட்க முடியும். இலக்கு நல்லது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை வைத்து நம் ஊர்களில், மண்ணில் சேரும் கரிமத்துக்குப் பணம் தரும் ‘கார்பன் கிரெடிட்’ வியாபாரம் பேசுபவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். எத்தனை ஆழத்துக்கு அளந்தீர்கள்? உழாத நிலத்தில் கரிமம் மேல்மண்ணில் கூடி அடியில் குறைந்திருக்கலாம். 15 சென்டிமீட்டர் மட்டும் அளந்தால் லாபமாகத்தான் தெரியும். மண்ணின் அடர்த்தியை அளந்தீர்களா? சதவீதம் மட்டும் தெரிந்தால் டன் தெரியாது. நம் நிலையங்களில் 1934 முதல் புழங்கும் வாக்லி-பிளாக் முறை, உள்ள கரிமத்தில் சராசரியாக நான்கில் மூன்று பங்கையே பிடிக்கிறது. அதைத் திருத்திக் கணக்கிட்டீர்களா? விவசாயி ஐந்தாண்டு கழித்து ஆழ உழுதால் சேர்த்தது எங்கே போகும்?

சமவெளி விவசாயி கரிமத்தைக் கூட்ட வேண்டியது உலகத்துக்காக என்பதைவிட, முதலில் தன் மண்ணுக்காக. 0.4 சதவீதம் 0.6 சதவீதமானால், அடுத்த மழை வராத இடைவெளியில் பயிர் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், மண் பொலபொலப்பாகும், இட்ட உரம் அடித்துக்கொண்டு போகாமல் நிற்கும். உலகக் கணக்கில் நம்மால் செய்யக்கூடிய பெரிய உதவி மலைமேல் இருக்கிறது. எஞ்சியிருக்கும் புல்வெளியையும் சோலைக்காட்டையும் சதுப்பையும் தொடாமல் விடுவது. சேர்க்க நூற்றாண்டுகள் எடுத்ததை இழக்கப் பத்து ஆண்டு போதும் என்பதை, வடித்த சதுப்பும் உழுத புல்வெளியும் எல்லா நாட்டிலும் காட்டியிருக்கின்றன.

நிலம் வைத்திருப்பவர்கள் மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் எண்களைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட வேண்டாம். அங்ககக் கரிமம் என்ற வரியையும் பாருங்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதே வயலில், அதே பருவத்தில், அதே ஆழத்தில் மண் எடுத்து, அந்த ஓர் எண்ணை மட்டுமாவது ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கரும்புச் சோகைக்குத் தீ வைக்குமுன் அதைப் பொடித்து மூடாக்காகப் போட முடியுமா என்று பாருங்கள். ஊர் ஏரியில் வண்டல் எடுக்க அனுமதி கிடைக்கும் ஆண்டில் நாலு வண்டி அடித்துப் போடுங்கள். மலையூர்களில் இருப்பவர்கள், புல்வெளியில் மரம் நடும் விழாவுக்கு அழைப்பு வந்தால், அங்கே எதற்கு என்று தயங்காமல் கேளுங்கள்.